பெயருக்கு முன்னால் மூன்று எழுத்து: கொல்கத்தா ரசிகர்களின் கதை

 

"பணம் போட்டு டீமை வாங்கியவர் முதலாளி. அவர் என்ன பெயர் வைத்தால் என்ன, எந்த நிறத்தில் பனியன் கொடுத்தால் என்ன? டிக்கெட் வாங்கிப் பார்க்கிறவருக்கு அதில் என்ன சார் உரிமை?" கால்பந்து பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். நியாயமான கேள்விதான். சட்டப்படி பதிலும் சுலபம். பங்கு யாரிடம் அதிகமோ அவர் வைத்ததுதான் பெயர். ஆனால் வரலாற்றைப் புரட்டினால் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. நம் நாட்டிலேயே, கொல்கத்தாவில், ஒரு கிளப்பின் பெயருக்கு முன்னால் ஒட்டிய மூன்று எழுத்தை எடுக்கச் சொல்லி ரசிகர்கள் மூன்று வருடம் விடாமல் கேட்டார்கள். கடைசியில் அந்த எழுத்துகள் போயின. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் நம்ம மலைக் கணக்கில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பொங்கல் வந்தால் ஊருக்கு ஊர் விளையாட்டுப் போட்டி. நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மடுவு என்று ஊர்ப் பெயரில் பையன்கள் டீம் சேர்ப்பார்கள். சேலத்துக் கடைக்காரர் ஒருவர் பனியன் வாங்கிக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகில் ஊர்ப் பெயர், அதன் கீழே கடைப் பெயர். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். காசு கொடுத்தவருக்கு ஒரு மரியாதை வேண்டுமல்லவா? ஆனால் அதே கடைக்காரர், "என் கடைக்கும் ஒரு டீம் இருக்கிறது, அதுவும் உங்கள் டீமும் இனி ஒன்று, ஊர்ப் பெயருக்கு முன்னால் என் கடைப் பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும்" என்றால் ஊர் என்ன சொல்லும்? கொல்கத்தாவில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான்.

மோகன் பகான் கிளப் 1889 ஆகஸ்ட் 15 அன்று வடக்கு கொல்கத்தாவில் தொடங்கப்பட்டது. மோகன் பகான் என்பது அங்கே இருந்த ஒரு பெரிய மாளிகையின் பெயர். அந்த வளாகத்தில் விளையாடிய இளைஞர்களின் கிளப்புக்கும் அதே பெயர் நின்றுவிட்டது. முதல் தலைவர் பூபேந்திரநாத் போஸ். பின்னாளில் 1914-ல் நம்ம சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் இவர்தான். விளையாட்டு கிளப்பும் தேசிய உணர்வும் அந்தக் காலத்தில் எவ்வளவு பக்கத்தில் இருந்தன என்பதற்கு இது ஒரு சாட்சி.

1911 ஜூலை 29. வங்கப் பிரிவினையை எதிர்த்து எழுந்த சுதேசிக் கிளர்ச்சியின் சூடு இன்னும் ஆறாத நேரம். ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் மோகன் பகான், ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட் என்ற ஆங்கிலேயப் பட்டாளத்து அணியை 2-1 என்று தோற்கடித்தது. அந்தக் கேடயத்தை வென்ற முதல் இந்திய அணி அதுதான். 11 பேரில் ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்கால். அணித் தலைவர் சிப்தாஸ் பாதுரி ஒரு கோல், அபிலாஷ் கோஷ் ஒரு கோல். பூட்ஸ் போட்ட பட்டாளத்தை வெறுங்காலில் ஜெயித்தார்கள் என்ற செய்தி வங்காளம் முழுக்கப் பரவியது. இன்றும் ஜூலை 29 அங்கே மோகன் பகான் தினம். ஆக, அந்தப் பெயர் ஒரு விளையாட்டு அணியின் பெயர் மட்டும் என்று கொல்கத்தாக்காரர் யாரும் நினைப்பதில்லை.

இன்னொரு பக்கம் ஈஸ்ட் பெங்கால். 1920-ல் ஜோராபகான் என்ற கிளப், மோகன் பகானுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரைச் சேர்க்காமல் விட்டது. கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி கோபத்தோடு வெளியேறினார். அந்த ஆகஸ்ட் 1 அன்றே ஈஸ்ட் பெங்கால் கிளப் பிறந்தது. சிவப்பும் தங்க நிறமும் உடை, எரியும் தீப்பந்தம் சின்னம். 1947 பிரிவினையில் கிழக்கு வங்கத்திலிருந்து வீடு வாசல் இழந்து வந்த லட்சக்கணக்கான மக்களுக்கு, விட்டு வந்த மண்ணின் பெயரைத் தாங்கிய ஒன்றாக அந்த கிளப் இருந்தது. ஊர் போய்விட்டது, பெயர் மிச்சம். அந்தப் பெயரைச் சத்தம் போட்டுச் சொல்ல ஒரு மைதானம் கிடைத்தது.

இந்த இரண்டு கிளப்பும் மோதும் நாளில் மீன் சந்தை வரைக்கும் பேச்சு போகும். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் அவர்கள் வீட்டில் இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயித்தால் இவர்கள் வீட்டில் இறால். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இந்த இரு அணிகளின் ஆட்டத்தில் கேலரியில் கலவரம் மூண்டு, நெரிசலில் 16 ரசிகர்கள் இறந்தார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் அவர்களை அங்கே நினைவுகூர்கிறார்கள். ரசிகர்கள் அந்த கிளப்புக்குக் கொடுத்தது டிக்கெட் காசு மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சரி, முதலாளி எப்படி உள்ளே வந்தார்?

நூறு வருடம் இந்த கிளப்புகளை நடத்தியது உறுப்பினர் சந்தாவும் நன்கொடையும்தான். ஆட்டக்காரர் சம்பளம் ஏற ஏற அது போதவில்லை. 1998-ல் விஜய் மல்லையாவின் யு.பி. குழுமம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், ஒரே குழுமம் பரம எதிரிகள் இருவருக்கும் பணம் கொடுத்தது. ஒன்று மெக்டவல் மோகன் பகான் ஆனது, மற்றொன்று கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால் ஆனது. மதுக் கம்பெனிப் பெயரைத் தலையில் கட்டினார்களே என்று அப்போதும் முணுமுணுப்பு உண்டு. ஆனால் எல்லோருக்கும் அது விளம்பரம் என்று தெரியும். பெயர்ப் பலகையில் ஏறியதே தவிர ரசிகர் வாயில் ஏறவில்லை.

2014-ல் இந்தியன் சூப்பர் லீக், அதாவது ஐ.எஸ்.எல்., தொடங்கியது. ஐ.பி.எல். மாதிரியே நகரத்துக்கு ஒரு புது அணி, அதற்கொரு முதலாளி. கொல்கத்தாவுக்கு அட்லெடிகோ டி கொல்கத்தா என்ற புது அணி வந்தது. தொழிலதிபர் சஞ்சீவ் கோயங்கா, கிரிக்கெட் வீரர் சவுரவ் கங்குலி முதலானோர் பங்குதாரர்கள். ஸ்பெயினின் அட்லெடிகோ மாட்ரிட் கிளப்புக்கும் அதில் பங்கு இருந்தது. 2017-ல் மாட்ரிட் விலகியதும் பெயரை ஏ.டி.கே. என்று சுருக்கிக்கொண்டார்கள். 2014, 2016, 2019-20 என்று மூன்று முறை அந்த அணி கோப்பை வென்றது. வெற்றிக்குக் குறைவில்லை. ஆனால் பழைய கிளப்புகள் இரண்டும் அந்த லீகுக்கு வெளியே நின்றன. தொலைக்காட்சியும் விளம்பரமும் பணமும் ஐ.எஸ்.எல். பக்கம் போய்விட்டன. ஐ-லீகில் மோகன் பகான் 2015-லும் 2019-20-லும் சாம்பியன் ஆனாலும் பெரிய மேடை வேறிடத்தில் இருந்தது.

அந்த மேடையில் ஏறப் பணக்காரத் துணை வேண்டும். 2020 ஜனவரி 16 அன்று அறிவிப்பு வந்தது. கோயங்காவின் ஆர்.பி.எஸ்.ஜி. குழுமம் மோகன் பகானின் கால்பந்து கம்பெனியில் 80 சதவீதப் பங்கை வாங்குகிறது, ஏ.டி.கே.யும் மோகன் பகானும் இணைகின்றன. அந்த ஜூலையில் பெயரும் முடிவானது. ஏ.டி.கே. மோகன் பகான்.

இங்கே முதலாளி தரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பச்சை-மெரூன் உடையை அவர் மாற்றவில்லை. பாய்மரப் படகுச் சின்னத்தையும் மாற்றவில்லை. பழைய கிளப்புக்கு 20 சதவீதப் பங்கு இருந்தது. பணம் போடாமல் அந்த லீகில் ஆட முடியாது என்பதும் உண்மை. அப்படியானால் ரசிகர்களுக்கு என்ன கோபம்?

கோபம் இரண்டு காரணத்தால். ஒன்று, 'இணைப்பு' என்ற சொல். 131 வருடக் கிளப்பும் ஆறு வருட அணியும் சமமாக நின்று கைகோத்த மாதிரி அது ஒலித்தது. இரண்டாவது, பெயரின் வரிசை. ஏ.டி.கே. என்பது ஐ.எஸ்.எல்.லில் ஆடிய வேறொரு அணி. மெக்டவல், கிங்ஃபிஷர் மாதிரி சாராயக் கம்பெனிப் பெயராக இருந்திருந்தால் விளம்பரம் என்று விட்டிருப்பார்கள். இன்னொரு அணியின் பெயர் தன் அணிப் பெயருக்கு முன்னால் நிற்பதை எந்த ரசிகனால் பொறுத்துக்கொள்ள முடியும்?

போராட்டம் தொடங்கிய நேரம் கொரோனா காலம். ஐ.எஸ்.எல். இரண்டு சீசன் முழுக்க கோவாவில், பெரும்பாலும் ஆளில்லாத மைதானங்களில் நடந்தது. 2020 நவம்பர் 27 அன்று ஐ.எஸ்.எல்.லில் முதன்முதலாகக் கொல்கத்தா அணிகள் இரண்டும் மோதியபோது கேலரியில் ஒரு ரசிகர்கூட இல்லை. கோஷம் போட இடமில்லாதவர்கள் கைப்பேசியில் கோஷம் போட்டார்கள். 'ரிமூவ் ஏ.டி.கே.' என்ற வாசகம் அணி போடும் ஒவ்வொரு பதிவின் கீழும் வந்து விழுந்தது. ஜெயித்த செய்தி போட்டாலும் அதே பதில், புது ஆட்டக்காரர் வந்த செய்தி போட்டாலும் அதே பதில். 2022-ல் கொல்கத்தாவில் மைதானம் திறந்ததும் அது பதாகையாகவும் கோஷமாகவும் கேலரிக்கு வந்தது. ஒரு பகுதியினர் ஆட்டத்தைப் புறக்கணித்தார்கள். இன்னொரு பகுதியினர், "அணியை விட்டுக்கொடுக்க மாட்டோம், பெயரைத்தான் எதிர்க்கிறோம்" என்று உள்ளே உட்கார்ந்து கத்தினார்கள். இந்த இரண்டு பேருக்குள்ளும் சண்டை வந்தது. போராட்டம் என்றால் இதெல்லாம் இருக்கும்தானே.

2023 மார்ச் 18, கோவாவில் ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம். பெங்களூரு அணியுடன் 2-2 சமன், பெனால்டியில் 4-3 என்று ஏ.டி.கே. மோகன் பகான் வென்றது. கோப்பை கையில் வந்த அந்த இரவிலேயே கோயங்கா அறிவித்தார்: அடுத்த சீசனிலிருந்து ஏ.டி.கே. இருக்காது. ஜூன் 1 முதல் மோகன் பகான் சூப்பர் ஜயன்ட் என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது.

இந்த இடத்தில் ஒரு வாத்தியாராக அடிக்கோடு போடத் தோன்றுகிறது. கோப்பை வாங்கிக் கொடுத்தால் ரசிகன் பெயரை மறந்துவிடுவான் என்று நினைத்திருந்தால் அது நடக்கவில்லை. கோப்பை வென்ற அன்றுதான் பெயரும் திரும்பியது. அதே நேரம் முழு வெற்றி என்றும் சொல்ல முடியாது. 'சூப்பர் ஜயன்ட்' என்பதும் அதே குழுமத்தின் முத்திரைதான். லக்னோவில் அவர்கள் நடத்தும் ஐ.பி.எல். கிரிக்கெட் அணியின் பெயர் லக்னோ சூப்பர் ஜயன்ட்ஸ் என்று உங்களுக்கே தெரியும். முன்னால் இருந்த மூன்று எழுத்து போய், பின்னால் இரண்டு சொல் வந்தது. பங்கும் அவரிடமே இருக்கிறது. ஆனாலும் கேலரி பெரும்பாலும் சமாதானம் ஆகிவிட்டது, ஏனென்றால் பெயர் மோகன் பகான் என்று தொடங்குகிறது. அதன் பிறகு 2023-ல் டூராண்ட் கோப்பை, 2023-24-ல் லீக் கேடயம், 2024-25-ல் கேடயமும் கோப்பையும் இரண்டுமே என்று அந்த அணி அள்ளியது. அதே முதலாளி, அதே பணம்.

இப்போது தெருவுக்கு அந்தப் பக்கம் போவோம். ஈஸ்ட் பெங்கால் கதை இதற்கு நேர் எதிர். அங்கே முதலாளிகள் வந்து வந்து போனார்கள். 2018-ல் பெங்களூருவின் க்வெஸ் நிறுவனம் வந்தது, இரண்டு வருடத்தில் விலகியது. 2020 செப்டம்பரில் ஸ்ரீ சிமென்ட் வந்தது. முதல்வர் மம்தா பானர்ஜியே அதை அறிவித்தார். அணி எஸ்.சி. ஈஸ்ட் பெங்கால் என்று ஐ.எஸ்.எல்.லில் நுழைந்தது. ஆனால் இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் பழைய கிளப் நிர்வாகிகள் மறுத்தார்கள். முதலில் பேசியது ஒன்று, இறுதிப் பத்திரத்தில் இருப்பது வேறு, உறுப்பினர் உரிமை போய்விடும் என்பது அவர்கள் வாதம். கையெழுத்து இல்லாமல் மேற்கொண்டு பணம் போட முடியாது என்பது கம்பெனி வாதம். நடுவில் அணிக்கு ஆள் எடுக்க முடியாமல் நாள் ஓடியது.

2021 ஜூலை 21 அன்று கொல்கத்தா மைதானத்தில் இருக்கும் கிளப் கூடாரத்தின் முன்னால் ரசிகர்கள் திரண்டார்கள். அவர்கள் கோபம் கம்பெனி மீது இல்லை, தங்கள் கிளப் நிர்வாகிகள் மீதுதான். கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் பதவியை விடு என்று கேட்டார்கள். நிர்வாகிகளை ஆதரிக்கும் ரசிகர்களும் வந்தார்கள். ஒரே நிற பனியன் போட்ட இரண்டு கூட்டம் மோதிக்கொண்டது. போலீஸ் தடியடி நடத்தியது. பலருக்குக் காயம், பலர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். ஆகஸ்டில் முதல்வர் தலையிட்டு அந்த ஒரு சீசனுக்கு வழி செய்தார். அந்த சீசனில் அணி 11 அணிகளில் கடைசி இடம். 2022-ல் கம்பெனி விலகியது, எமாமி நிறுவனம் வந்தது. 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பையை வென்றபோதுதான், 12 வருடத்துக்குப் பிறகு ஒரு தேசியக் கோப்பை அந்த கிளப்புக்கு வந்தது.

இந்த இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாளி என்றாலே வில்லன், பழைய நிர்வாகி என்றாலே தியாகி என்று எழுதிவிட முடியாது. ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்களைக் கேட்காமல், அணியைப் பணயம் வைத்து மேலே இருப்பவர்கள் சண்டை போடாதீர்கள் என்றார்கள். மோகன் பகான் ரசிகர்களும் பணத்தைத் திருப்பிக் கொடு என்று சொல்லவில்லை. எங்கள் பெயரை முன்னால் வை என்றார்கள். இரண்டு இடத்திலும் கேட்டது ஒன்றேதான்: இது எங்களுடையதும்கூட, எங்களையும் ஒரு வார்த்தை கேள்.

உலகம் முழுக்க இந்தக் கதை ஓடுகிறது. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் சிட்டி அணி நூறு வருடமாக நீல உடை அணிந்தது. அணியின் செல்லப் பெயரே நீலக்குருவிகள். மலேசியத் தொழிலதிபர் வின்சென்ட் டான் 2012-ல் அதைச் சிவப்பாக்கினார். சிவப்பு ராசியான நிறம் என்பது அவர் எண்ணம். அடுத்த வருடமே அணி இங்கிலாந்தின் முதல் நிலை லீகுக்கு ஏறியது. ஆனாலும் ரசிகர்கள் நீலத்தை விடவில்லை. 2015 ஜனவரியில் நீலம் திரும்பியது.

இங்கிலாந்தின் ஹல் சிட்டி அணியை 2010-ல் கடனிலிருந்து காப்பாற்றியவர் அசெம் ஆலம், எகிப்தில் பிறந்த தொழிலதிபர். அதில் ரசிகர்களுக்கு நன்றி இருந்தது. 2013-ல் அவர் பெயரை ஹல் டைகர்ஸ் என்று மாற்ற முயன்றபோது அதே ரசிகர்கள் எதிர்த்து நின்றார்கள். 2014-ல் ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் அந்த மாற்றத்தை நிராகரித்தது. காப்பாற்றியவர் என்பதற்காகப் பெயரைக் கொடுத்துவிட முடியாது என்பதுதான் அங்கேயும் கதை.

பெயரை மட்டுமா, ஊரையே மாற்றினால்? லண்டனின் விம்பிள்டன் அணியைச் சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸ் என்ற நகரத்துக்குக் கொண்டுபோக 2002 மே மாதம் அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஊர்ப் பொதுத் திடலில் ஆள் தேர்வு வைத்து, ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புது கிளப்பை அந்தக் கோடையிலேயே தொடங்கி, அடிமட்ட லீகில் ஆட ஆரம்பித்தார்கள். 2011-ல் தொழில்முறை லீகுக்கே ஏறிவந்தார்கள். 2020-ல் பழைய மைதானம் இருந்த அதே பிளவ் லேன் தெருவில் புது மைதானமும் கட்டிவிட்டார்கள். அந்த கிளப் இன்றும் ரசிகர்களின் அறக்கட்டளை கையில் இருக்கிறது.

எல்லா இடத்திலும் ஜெயித்தார்கள் என்று சொன்னால் அது பொய். மான்செஸ்டர் யுனைடெட்டை 2005-ல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் வாங்கியது. வாங்கக் கடன் எடுத்து, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டியது. நம் ஊரில் ஒருவர் கடன் வாங்கித் தோட்டம் வாங்கிவிட்டு, தவணையைத் தோட்டத்து வருமானத்திலிருந்தே கட்டச் சொல்வது மாதிரி. சில ரசிகர்கள் பிரிந்துபோய் எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்ற கிளப்பையே தொடங்கினார்கள். 2010-ல் சிவப்புச் சால்வையை விட்டுவிட்டு, 1878-ல் கிளப் பிறந்தபோது இருந்த பச்சையும் தங்கமும் கலந்த சால்வையோடு வந்தார்கள். 2021 மே 2 அன்று மைதானத்துக்குள்ளேயே புகுந்ததில் லிவர்பூலுடனான ஆட்டம் தள்ளிப்போனது. அதற்குச் சில நாள் முன்னால்தான் பெரிய கிளப்புகள் சேர்ந்து தொடங்கப் பார்த்த ஐரோப்பிய சூப்பர் லீக், ரசிகர் எதிர்ப்பில் இரண்டு மூன்று நாளில் கவிழ்ந்தது. ஆனால் கிளேசர் குடும்பம் போகவில்லை. 2024-ல் கால் பங்கு அளவுக்கு இன்னொருவருக்கு விற்றார்களே தவிர, பெரும்பங்கு அவர்களிடமே இருக்கிறது.

இந்த உதாரணங்களிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. பெயர், நிறம், சின்னம் ஆகியவற்றுக்காகப் போராடிய ரசிகர்கள் பல இடங்களில் ஜெயித்திருக்கிறார்கள். பங்கு, கடன், கணக்கு ஆகியவற்றுக்காகப் போராடியவர்கள் பெரும்பாலும் தோற்றிருக்கிறார்கள். காரணம் எளிது. பெயரை மாற்றினால் முதலாளிக்குப் பெரிய நஷ்டம் இல்லை. மாற்றாமல் பிடிவாதம் பிடித்தால்தான் நஷ்டம். பங்கை விடுவது அப்படி இல்லை. அதற்குக் கோஷம் போதாது, சட்டம் வேண்டும்.

அந்தச் சட்டம் ஜெர்மனியில் இருக்கிறது. அங்கே லீகின் விதிப்படி, கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். ஒன்றிரண்டு விதிவிலக்குகள் உண்டு. 50 கூட்டல் 1 விதி என்று அதற்குப் பெயர். முதலாளி பணம் போடலாம், ஆனால் உறுப்பினர்களை மீறி முடிவெடுக்க முடியாது. 2024 பிப்ரவரியில் லீகின் வருமானத்தில் ஒரு வெளி முதலீட்டாளரைச் சேர்க்க முயன்றபோது, ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளை மைதானத்துக்குள் வீசி ஆட்டங்களை நிறுத்தினார்கள். சில வாரங்களில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. சத்தம் போடும் உரிமையோடு வாக்குப் போடும் உரிமையும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

நம் நாட்டு ஐ.எஸ்.எல்.லில் அப்படி ஒரு விதி இல்லை. பக்கத்துக் கேரளத்தில் பிளாஸ்டர்ஸ் அணியின் மஞ்சப்படா ரசிகர்களும் 2024 டிசம்பரில் நிர்வாகத்தை எதிர்த்து, டிக்கெட் வாங்கி விற்பதில்லை என்று அறிவித்தார்கள். அவர்களிடம் இருந்த ஆயுதம் அதுதான்: வராமல் இருப்பது. அது இருபுறமும் கூரான கத்தி. காலி கேலரி முதலாளிக்கும் வலிக்கும், ஆடுகிற பையனுக்கும் வலிக்கும். அதனால்தான் கொல்கத்தா ரசிகர்களில் பாதிப் பேர் உள்ளே உட்கார்ந்து எதிர்த்தார்கள். இரண்டில் எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் எதிர்ப்பு என்ற பெயரில் ஆட்டக்காரர்களையும் அவர்கள் குடும்பத்தையும் கைப்பேசியில் கேவலமாகத் திட்டுவதும், சொந்த ஆட்களே அடித்துக்கொள்வதும் போராட்டத்தில் சேராது. அது முதலாளிக்குத்தான் உதவும்.

கடைசியாக ஒன்று. 2024 ஆகஸ்ட் 18 அன்று கொல்கத்தாவில் டூராண்ட் கோப்பையில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோத வேண்டும். ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் கொல்லப்பட்ட கொடுமையால் நகரமே கொதித்துக்கொண்டிருந்த நேரம். பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆட்டத்தை ரத்து செய்தார்கள். ஆட்டம் இல்லை என்று தெரிந்தும் இரு அணி ரசிகர்களும் சால்ட் லேக் மைதானத்தின் முன்னால் கூடினார்கள். முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் வந்து சேர்ந்தார்கள். பச்சை-மெரூன் பனியனும் சிவப்பு-தங்கப் பனியனும் தோளோடு தோள் நின்று, அந்த மருத்துவருக்கு நீதி கேட்டன. தடியடி அன்றும் நடந்தது. பரம்பரை எதிரிகள் என்று ஊரே சொன்னவர்கள் அன்று ஒரே குரலில் பேசினார்கள்.

அந்தக் கூட்டத்தை எந்த முதலாளியும் வாங்கவில்லை. நூறு வருடத்தில் அப்பா கையைப் பிடித்துப் போன பிள்ளை, அந்தப் பிள்ளை கையைப் பிடித்துப் போன பேரன் என்று சேர்ந்த கூட்டம் அது. 80 சதவீதப் பங்கு வாங்கும்போது மைதான உரிமையும் ஒளிபரப்புப் பணமும் பத்திரத்தில் வரும். இது வராது. அதனால்தான் தொடக்கத்தில் வைத்த கேள்விக்கு என் பதில் இப்படி: டிக்கெட் வாங்குகிறவருக்குச் சட்டத்தில் பெரிய உரிமை ஒன்றும் இல்லை. ஆனால் முதலாளி விலை கொடுத்து வாங்கியதில் முக்கால்வாசி, இவர் சும்மா கொடுத்தது. அதை மதித்து ஒரு வார்த்தை கேட்பது முதலாளிக்கும் லாபம்தான்.

நம் மலையில் வெள்ளைக்காரர் காலத்துக் காபித் தோட்டங்கள் எத்தனையோ கை மாறிவிட்டன. மக்கள் இன்னும் பழைய பெயரிலேயே வழி சொல்லும் இடங்கள் உங்களுக்கும் தெரிந்திருக்கும். உங்கள் ஊர் டீமுக்கோ, மைதானத்துக்கோ, பள்ளிக்கோ அப்படி மாறிய பெயரும் மாறாத பெயரும் இருந்தால் கீழே எழுதுங்கள். யார் மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள், ஊர் என்ன சொன்னது என்பதையும் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது. தொகுத்து வைத்தால் அதுவும் ஒரு வரலாறுதான்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார், ஏற்காட்டிலிருந்து.